கருத்தடை ஊசி: கணவன், மனைவி இருவரின் மஷூரா



திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நம் சகோதரிகள் பிரசவத்திற்காக அரசு மருத்துவமனைகளுக்குச் செல்கிறார்கள். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட 'அந்தரா' என்ற ஊசி இருக்கிறது. 2017 முதல் மத்திய அரசின் குடும்பநலத் திட்டத்தில் இது இலவசம். ஒருமுறை போட்டால் 3 மாதங்களுக்குப் பலன் தரும். இது கூடுமா என்று பலர் கேட்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில், குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்தபோது தாங்கள் அஸ்ல் செய்து வந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் உள்ளது. இதை வைத்து, தற்காலிகத் தடை கூடும் என்று உலமாக்கள் பலர் கூறுகிறார்கள். நிர்ப்பந்தமின்றி நிரந்தரமாகக் கருத்தடை செய்வது கூடாது. வறுமைக்குப் பயந்தும் செய்யக்கூடாது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

பால்குடியை நிறுத்துவதற்கே தாயும் தந்தையும் மனம் ஒப்பி ஆலோசிக்க வேண்டும் என்று பகரா சூராவின் 233-ஆம் வசனம் வழிகாட்டுகிறது. அப்படியானால் இதற்கு எவ்வளவு ஆலோசனை தேவை! மாத்திரையை நாளையே நிறுத்திவிடலாம். உடலில் ஏறிய ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. கடைசி ஊசிக்குப் பிறகு மீண்டும் கருத்தரிக்க 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். ஆகவே கணவர் வற்புறுத்துவதும் கூடாது, மனைவி மறைப்பதும் கூடாது. மருத்துவரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விவரம் சொல்லாமல் பெண்களுக்கு இத்தகைய ஊசி போடுவதை எதிர்த்து 1986-இலேயே பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன.

சகோதரிகள் வெட்கப்பட்டுக் கேட்காத ஒன்று உண்டு. இந்த ஊசியால் சிலருக்கு உதிரம் நாள்கணக்கில் கசியும். சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். உதிரம் கசிவதைக் கண்டு வாரக்கணக்கில் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். ஹைளின் கூடிய அளவு ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள், ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள். அந்த எல்லையைத் தாண்டித் தொடர்வது இஸ்திஹாளா. அதற்காகத் தொழுகையையும் நோன்பையும் விடக்கூடாது. குளித்துவிட்டு, ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் உளூச் செய்து தொழ வேண்டும். உதிரப்போக்கு உள்ளதாக முறையிட்ட ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு, அது ஹைள் அல்ல, நரம்பிலிருந்து வருவது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அந்தப் பெண்மணி கேட்டார்கள். அதனால் உம்மத்துக்கே சட்டம் கிடைத்தது.

சகோதரர்களே! வழமையான நாட்களைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் கேட்கத் தயங்கினால் நீங்களே ஆலிம்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். உதிரம் அதிகமானால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனைவியின் உடலும் தொழுகையும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் அன்பையும் ஸாலிஹான சந்ததிகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.