யாரோடு வாசிக்கிறோம்

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையின் தெற்கே, கலாக்ஷேத்ரா காலனிப் பக்கம், உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த அவர் 1942இல் காலமானார். மறு வருஷம் ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று அதை ஏற்படுத்தினார். ஐயர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஏடுகள் அங்கே இருக்கின்றன. அதே கரையில் வடக்கே நடந்தால், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி ஊரூர் ஒல்காட் குப்பம். 1882இல் அடையாறில் வந்து இறங்கிய பிரம்மஞான சபையின் கர்னல் ஒல்காட் பெயரைப் பாதியாகச் சுமக்கும் மீனவர் குப்பம். சங்க இலக்கியத்தின் நெய்தல் பாட்டில் வருகிற வலை, சுறா, மணலில் காயும் மீன், வாடைக் காற்று எல்லாம் அங்கே பிழைப்பு சார்ந்த விஷயங்கள். இரண்டு இடத்துக்கும் இடையே நடந்து போகிற தூரம்தான். ஆனால் இரண்டுக்கும் போய் வருகிறவர்கள் மிகக் குறைவு.

பழைய இலக்கியத்தை யாரோடு உட்கார்ந்து வாசிப்பது என்ற கேள்வி எனக்கு இந்தத் தூரத்திலிருந்துதான் வந்தது.

தனியாக வாசிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. புரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். ஏன் தாண்டினாய் என்று கேட்க ஆளில்லை. நம் ஊரில் நூல்கள் வெகுகாலம் அப்படி வாசிக்கப்படவில்லை. ஒருவர் படிக்க மற்றவர் கேட்பார், நடுவில் யாராவது மறிப்பார். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் அப்படித்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் என்று வைத்திருக்கிறார்கள். ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார், சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் கும்பகோணத்தில் நடந்தது. 1880இல் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமாகப் பட்டியல் சொன்னார். முதலியார் அசையவில்லை; சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அத்தனை வருஷம் பாடம் கேட்டவர் அந்த நூலைப் பார்த்தது கூட இல்லை. பிறகு பிரதி கிடைத்தது, வாசிக்கத் தொடங்கினார், ஆனால் சமணக் கொள்கை சார்ந்த இடங்கள் பிடிபடவில்லை. ஊரிலேயே சமணர்கள் இருக்கிறார்களே என்று அவர்கள் வீட்டுக்குப் போனார். வாசலில் கோலம், தோரணம். என்ன விசேஷம் என்று கேட்டால், ஆறு மாதமாகச் சிந்தாமணி வாசித்து வந்தோம், இன்றுதான் பூர்த்தி என்றார்கள்.

தமிழ்ப் புலவர்கள் பலர் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த ஒரு காப்பியம், அதே ஊரில் சில தெரு தள்ளி, கோலம் போட்டுக் கொண்டாடும் அளவுக்கு உயிரோடு இருந்திருக்கிறது. ஐயர் அந்த வீடுகளில் உட்கார்ந்து கேட்டார், கேட்டதை எழுதிக்கொண்டார். 1887இல் சிந்தாமணி முழுமையாக அச்சில் வந்ததற்கு ஏட்டுச்சுவடி எவ்வளவு காரணமோ அந்த வீட்டுக் கூடமும் அவ்வளவு காரணம். உ.வே.சா. ஏடு தேடி அலைந்த கதையை நாம் நிறையச் சொல்கிறோம். ஆள் தேடி அலைந்த கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இப்போது ஏட்டுக்கும் அலைய வேண்டாம், ஆளுக்கும் அலைய வேண்டாம் என்று நினைக்கிற காலம். 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் தொடங்கி, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். எட்டுத்தொகை முழுதும் இன்று கைப்பேசியில் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, அந்தக் கைப்பேசி வழியாகவே பலரும் கூடி வாசிக்கத் தொடங்கினோம். எங்கள் குழுவும் அப்படிப் பிறந்ததுதான். ஞாயிறு சாயங்காலம் 7 மணி. கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர், டொராண்டோவில் அப்போதுதான் காலைத் தேநீரோடு உட்காரும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, துபாயில் இரவுப் பணிக்குக் கிளம்புகிற ஒரு செவிலியர், இன்னும் சிலர். எட்டுத்தொகையில் நற்றிணையை எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் கையில் 1915இல் வந்த பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரை, வேறொருவர் கையில் ஔவை துரைசாமிப் பிள்ளை உரை. இரண்டு உரையும் ஒத்துப்போகாத இடத்தில் எங்களுக்கு நல்ல பொழுது.

45ஆம் பாட்டு வந்தது. பெரிய ஊரிலிருந்து தேரில் வருகிற செல்வன் மகன் ஒரு பரதவர் வீட்டுப் பெண்ணைச் சுற்றி வருகிறான். தோழி அவனை நிறுத்திப் பேசுகிறாள். இவள் கடலில் மீன் பிடிக்கிறவர்கள் மகள், நீ கொடி பறக்கிற கடைத்தெரு உள்ள ஊர்க்காரன். நாங்கள் கொழுத்த சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், எட்டி நில். கடல் தருகிற எங்கள் சின்ன வாழ்க்கை உன்னோடு ஒக்காது. எங்களிலும் நல்ல ஆண்பிள்ளைகள் உண்டு. இவ்வளவுதான் செய்தி.

அந்த வாரம் சண்டை பிடித்துக்கொண்டது. ஆசிரியர் துறையைச் சொன்னார்: இது சேட்படை, தலைவனை எட்ட நிறுத்திச் சீக்கிரம் மணம் பேச வைக்கிற தந்திரம், அவ்வளவுதான். துபாய்க்காரர் ஒப்பவில்லை, இது தாழ்மை, ஏழை தன்னைத் தானே குறைத்துக்கொள்வது என்றார். எனக்கு இரண்டும் போதவில்லை. ஆனால் மூன்றாவதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு புயல் எச்சரிக்கை. போட் எதுவும் இறங்கவில்லை, கடற்கரையில் கூட்டமும் இல்லை. குப்பத்தில் நான் வழக்கமாக மீன் வாங்குகிற அக்கா வீட்டில் சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் வந்து பேசுகிறீர்களா என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். கைப்பேசியை மேசைமேல் நிறுத்தி, பாட்டின் பொருளைப் பேச்சு நடையில் சொன்னேன்.

அவர் முதலில் பிடித்துக்கொண்டது சுறாவை. "சொறாவா? அப்ப நாத்தம் ஜாஸ்திதான். மத்த மீனு மாதிரி இல்ல அது" என்றார். அது உண்மை. சுறாவின் தசையில் யூரியா அதிகம். காயும்போது அமோனியா நெடி கிளம்பும், மூக்கில் ஏறும். பாட்டை எழுதியவர் அயிலை என்றோ இறால் என்றோ எழுதாமல் சுறா என்று எழுதியதற்கு அங்கேயே காரணம் கிடைத்துவிட்டது. எந்த உரையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

டொராண்டோ அம்மா சும்மா இருப்பாரா? "எங்கட ஊரில சுறா வறை வைப்பம். பிள்ளை பெத்த ஆக்களுக்குக் கட்டாயம் குடுக்கிறது" என்றார். இவர் உடனே, "இங்கயும் அதேதாம்மா. சொறாப் புட்டு. பால் ஊறும்" என்றார். இரண்டு பேரும் சுறாவை எப்படி வேக வைப்பது, தோலை எப்போது உரிப்பது, பூண்டு எவ்வளவு என்று பேசிக்கொண்டே போனார்கள். ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நற்றிணை ஓரமாக உட்கார்ந்திருந்தது. எனக்கு அந்த நேரம் வீண் என்று தோன்றவேயில்லை. கருவாடு காயப்போடும்போது இப்போதெல்லாம் ஆள் நின்று ஓட்டுவதில்லை, கிழிந்த பழைய வலையைப் போர்த்திவிடுகிறோம், அப்படியும் காக்கா வலைக்கு மேலேயே நின்று கொத்தும் என்று அக்கா சொன்னார். கடற்கரை மணலில் அப்படிப் போர்த்திக் கிடப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பறவை ஓட்டுதல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பகல் முழுக்க இருக்கிறது என்பது அவர் சொன்ன பிறகுதான் கண்ணில் வந்தது.

கடைசியில் ஆசிரியரே கேட்டார்: "அம்மா, அந்தத் தோழி அவனை விரட்டுகிறாளா, வரச் சொல்கிறாளா?"

அக்கா யோசிக்கவேயில்லை. "தேரு வச்சினு வந்து நின்னா எல்லாரும் குனிஞ்சிடுவாங்கன்னு நெனச்சிருக்கான். நாங்க நாறுவோம், உனக்கு ஒத்துக்குமான்னு கேக்கறா. மூக்கைப் பொத்தறவன்னா போய்டுவான், பொத்தாதவன்னா நிப்பான். எங்க ஆளுங்கள்லயே நல்லவன் இருக்கான்னு கடைசில சொன்னா பாருங்க, அதான் பேச்சு."

ஆசிரியர் சொன்ன தந்திரமும் துபாய்க்காரர் சொன்ன ஏழ்மையும் அந்தப் பதிலுக்குள் இருந்தன. ஆனால் தாழ்மை என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நாறும் என்பது அந்தப் பெண் தன்னைப் பற்றிச் சொன்ன குறை என்று அதுவரை வாசித்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு வைத்த பரீட்சை என்று வாசிக்க, அந்த வாசனைக்காக முகம் சுளிப்பவர்களை நாள்தோறும் பார்க்கிற ஒருவர் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. காரணம் எளிது. ஞாயிறு சாயங்காலம் கடற்கரையில் வறுத்த மீன் கடை. வாரத்திலேயே நல்ல வியாபாரம் அந்த மூன்று மணி நேரம்தான். டொராண்டோவுக்கும் துபாய்க்கும் ஒத்துவருகிற நேரத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். பக்கத்துத் தெருவுக்கு ஒத்துவருகிற நேரம் எது என்று யாரும் கேட்கவில்லை. கைப்பேசித் திரை கடலைத் தாண்ட உதவியது; தெருவைத் தாண்டுவது எங்கள் வேலை.

வாசிப்புக் கூட்டங்களில் இது புதிய கோளாறு இல்லை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டிக் கூட்டங்களில் கம்பனைக் கேட்டவர்கள் அதை ஆயுள் முழுதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஆனால் அங்கே செவி ஒன்றுதான், டி.கே.சி.க்குப் பிடிக்காத பாட்டு கம்பன் பாட்டே இல்லை என்று தள்ளப்பட்டுவிடும். ஒத்த ருசிக்காரர்கள் கூடினால் சுகமாக இருக்கும். தலையாட்டுவதற்கும் பஞ்சம் இருக்காது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன, அதை நான் குறைவாக நினைக்கவும் இல்லை. வீட்டை விட்டு இறங்க முடியாதவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பெரிய விஷயம்.

வேறு மாதிரிக் கூட்டம் சேர்க்க முயன்றவர்களும் உண்டு. அக்காவின் குப்பத்திலேயே 2015இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும் மற்றவர்களும் சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழா தொடங்கினார்கள். கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடையில் ஏறின. மேல்தட்டுக் கலையைக் குப்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்களா என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நெய்தல் பாட்டில் அந்தக் கேள்வி தலைகீழாகிறது. இங்கே கொடுக்க வேண்டியவர்கள் குப்பத்துக்காரர்கள், வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் உரை வைத்திருக்கும் நாம். அதற்காக மீனவர்களை எல்லாம் சங்க இலக்கியத்தின் உயிருள்ள அடிக்குறிப்பாக ஆக்கிவிடவும் கூடாது. பாட்டு எழுதப்பட்டு ஏறக்குறைய 2,000 வருஷம் ஆகிவிட்டது, அக்காவுடையது ஃபைபர் போட்காரர் குடும்பம். சொந்த அபிப்பிராயத்தோடு வாசிக்கிற ஒருவராகத்தான் அவர் அன்று பேசினார்.

எங்கள் குழு அடுத்து ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறை எடுக்கிறது. செவ்வாய் மதியம் 3 மணிக்கு ஒரு அமர்வு வைக்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு அதுதான் ஓய்வு நேரம். டொராண்டோவில் அப்போது விடியற்காலை. அந்த அம்மா எழுந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் எங்காவது இப்படி ஒரு குழுவில் இருந்தால், அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரத்தை ஒரு தடவை பாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் ஊரில் யார் யார் வேலையில் இருப்பார்கள் என்று பாருங்கள்.