உயிரோடிருப்பவர் இயற்றும் பூசைப் பாடல்கள்



பூசைக்கேற்ற நல்ல இசையெல்லாம் பலெஸ்திரீனாவோடு முடிந்துபோயிற்று என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. 1594-ல் காலஞ்சென்ற அந்த மகா வித்துவானும் தம் நாளில் உயிரோடிருந்தவர்தானே! அன்று அவர் பாட்டும் புதுப் பாட்டுத்தான்.

ஸ்கொத்லாந்து தேசத்தில் 1959-ம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் மக்மில்லன் என்னும் கத்தோலிக்கரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறோம். அவர் வளர்ந்த கம்னாக் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளியான அவர் பாட்டனார் ஊர் வாத்தியக் குழுவில் ஊதியவர், கோவிலில் பாடியவர். பேரன் கையில் முதல் ஊதுகருவியைக் கொடுத்தவரும் அவரே. அந்தப் பிள்ளை வளர்ந்து இசையமைத்த வியாகுல மாதாவின் கீதம் 2016-ல் லண்டனில் அரங்கேறி, 2018-ல் உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்திலேயே பாடப்பட்டது. தேர்ந்த பாடகருக்கே எட்டும் இசை அது.

ஆனால் பங்கு மக்களாகிய நமக்கு அதைவிட முக்கியமானது வேறொன்று. கிளாஸ்கோ நகரில் அர்ச். கொலும்பா கோவிலின் பாடற்குழுவை அவர் பல வருஷம் நடத்தினார். பாடினவர்கள் அந்தப் பங்கின் சாதாரண ஜனங்கள். வாசகத்துக்குப் பின் பாடவேண்டிய தாவீது இராசாவின் சங்கீதங்களுக்கு அவர்களுக்காகவே புது மெட்டு அமைத்தார். ஒருவர் பல்லவியைப் பாடுவார். கேட்ட சபை உடனே அதைத் திருப்பிப் பாடும். அவ்வளவு எளிமை! சிஸ்டைன் ஆலயத்தில் பாடப்பட்ட கீதத்தை எழுதிய கைதான் இதையும் எழுதியது.

2010 செப்டம்பரில் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் அங்கே விஜயம் செய்தபோது, நியூமன் கர்தினாலின் பெயரால் மக்மில்லன் ஒரு புதுப் பூசைப் பாடல் இயற்றினார். (நியூமன் அந்த விஜயத்தில்தான் முத்திப்பேறு பட்டம் பெற்றார், 2019-ல் அர்ச்சியசிஷ்டரானார்.) ஜனங்களுக்கு இது ஒவ்வாது என்று சிலர் தடுக்கப் பார்த்ததாக மக்மில்லனே எழுதியிருக்கிறார். ஆயினும் கிளாஸ்கோவில் திறந்த வெளியில் பதினாயிரக்கணக்கானோர் கூடிய பூசையில் அது பாடப்பட்டது.

நாமோ, "பாடகர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று வாய்மூடி நிற்கிறோம். 1963-ல் வத்திக்கான் பொதுச்சங்கம் தந்த வழிபாட்டுச் சாசனம், பாடற்குழுக்களை வளர்க்கச் சொன்ன அதே இடத்தில், ஜனங்களும் தங்கள் பங்கைப் பாட வழிசெய்யக் கற்பிக்கின்றது. நல்ல குழு இருப்பது சபை சும்மாயிருப்பதற்குச் சாக்கு ஆகாது.

வருகிற ஞாயிறு முதற் பூசைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகச் சங்கீதத்தின் பல்லவியை எல்லாரும் சேர்ந்து பழகுவோம். பின்வாசலருகே நிற்கும் ஆண்களும் அன்று உள்ளே வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.