குருவியிடம் சொன்ன பொய்

வாயில்லா ஜீவனிடம் சொல்லுகிற பொய்யும் பொய்தானா? ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன், நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

போன பங்குனியில் உளுந்தூர்பேட்டையிலிருந்து ஏழெட்டுப் பேராகக் கல்வராயன் மலைக்குப் பறவை பார்க்கப் போனோம். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற வழியில் ஒரு பள்ளத்தாக்கு. மரமெல்லாம் புதுத் துளிர். எங்கள் காலடியில் சருகு நொறுங்குகிற சத்தந்தான்.

ஆறுமணிக் குருவியைப் பார்க்க வேண்டும், அதுதான் எல்லாருக்கும் ஆசை. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. முதுகு பச்சை, செட்டையில் நீலம், வாலடியில் சிவப்பு. குளிர்காலத்தைத் தெற்கே கழித்து, சித்திரை வைகாசியில் இமயமலை அடிவாரம் வரைக்கும் திரும்பிப் போகிற பறவை.

நாங்கள் போய்ச் சேரும்போதே மணி எட்டு. குருவியைக் காணோம். கூட வந்த வாலிபத் தம்பி செல்போனில் அதன் குரலையே போட்டான். இரண்டே நிமிஷம்! புதரிலிருந்து தத்தித் தத்தி வந்துவிட்டது. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டோம். அதுவும் திரும்பத் திரும்ப வந்து தேடிற்று.

"தம்பி, அது யாரைத் தேடுது?" என்றார் ஒரு பெரியவர். ஒருவரும் பேசவில்லை.

தன் இடத்தைப் பிடிக்க வேறொரு குருவி வந்துவிட்டது என்று நம்பி, சருகைப் புரட்டிப் பூச்சி தின்பதை விட்டு ஓடி வந்திருக்கிறது. தூரப் பயணத்துக்காக அது உடம்பைத் தேற்ற வேண்டிய நாட்கள்!

"சுடலியே ஐயா, பார்க்கத்தானே செஞ்சோம்?" என்றான் தம்பி. நியாயந்தான். பறவை நிபுணர் சலீம் அலியே, சிறுவனாக 1908-ல் தான் சுட்ட குருவியின் பெயரை விசாரிக்கப் போய்த்தான் இந்த வழிக்கு வந்தார். துப்பாக்கிக்கு பைனாகுலர் எவ்வளவோ மேல். ஆனால் உயிரை எடுக்கவில்லை என்பதால் ஏமாற்றினது சரியாகிவிடுமா? என் ஆசைக்காக ஒன்றைக் கலங்கப் பண்ணிவிட்டு, அதை நேசிக்கிறேன் என்று சொல்லலாமா?

கண்டுபிடிக்க முடியாதவர்களிடம் பொய் சொல்வது சுலபம். குழந்தையிடம் பூச்சாண்டி என்கிறோம். படுக்கையில் கிடக்கிற பெரியவர்களிடம் "இதோ வந்துடறேன்" என்கிறோம். நம்முடைய உண்மைக்குச் சோதனை அங்கேதான்.

செல்போன் பைக்குள் போயிற்று. சாயங்காலம் இறங்கி வரும்போது, ஆறு மணி சுமாருக்கு, மரங்களுக்குள்ளிருந்து அந்தக் குரல் தானாகவே கேட்டது. நின்று பார்த்தோம், கண்ணில் படவில்லை. தம்பி நோட்டைத் திறந்து, "ஆறுமணிக் குருவி: கேட்டது, பார்க்கவில்லை" என்று எழுதினான். காலையில் எழுதினதற்குப் பக்கத்திலும், யாரும் சொல்லாமலே, "செல்போன் போட்டு வரவழைத்தது" என்று சேர்த்தான்.

நம்முடைய நோட்டில் அப்படிச் சேர்த்தெழுத வேண்டியது ஏதாவது உண்டா?