கன்னிமாரா தேக்கு உணர்த்தும் உண்மை

விழிஞ்ஞத்தில் உள்ள 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயிலில் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி காட்சி தருகிறார். ஆலமரத்தடியில் அமர்ந்து மௌனத்தாலேயே மெய்ப்பொருளை உணர்த்திய ஆதிகுரு அவர். குருவுக்கு நிழல் தந்த மரம், சில வேளைகளில் தானே குருவாகவும் அமைந்துவிடுகிறது.

அத்தகைய மரம் ஒன்று அதே கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காட்டில் நிற்கிறது. பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக அங்கே செல்லலாம். 'கன்னிமாரா தேக்கு' என்பது அதன் பெயர். வயது 450 ஆண்டுகளுக்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். இந்திய அரசு 1994-95இல் 'மகாவிருட்ச புரஸ்காரம்' அளித்து இதனைச் சிறப்பித்தது. இன்று புலிகள் காப்பகத்தின் பாதுகாப்பில் அது வாழ்கிறது.

சட்டம் வருவதற்கு முன் இம்மரத்தைக் காத்தது எது? முற்காலத்தில் இதனை வெட்ட முனைந்தபோது, கோடரி பட்ட இடத்திலிருந்து இரத்தம் பெருகியதாம். கண்டவர்கள் நடுங்கிப் பின்வாங்கினர். அன்று முதல் கன்னித் தெய்வமாக வணங்கலாயினர். அப்பகுதிப் பழங்குடி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது.

இதனை வெறும் கதை என ஒதுக்க வேண்டியதில்லை. சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரு பெருமரத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். வேரில் வெட்டினாலும் நடுவில் வெட்டினாலும் நுனியில் வெட்டினாலும் அதிலிருந்து சாறு கசியும். ஆயினும் மரம் வாழும். உயிர் அதனுள் முழுவதும் நிறைந்திருப்பதே காரணம். அந்த நுண்பொருளே நீயும் என்று அவர் மகனுக்கு உணர்த்துகிறார்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கன்னிமாரா தப்பியது, அதே காட்டின் எண்ணற்ற தேக்குகள் தப்பவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொச்சி சமஸ்தானம் அமைத்த டிராம் பாதை அவற்றைச் சாலக்குடிக்குச் சுமந்து சென்றது. ஒரு மரத்தில் தெய்வத்தைக் கண்ட மனிதன், மற்ற மரங்களில் விலையை மட்டுமே கண்டான்.

நம் பக்தியும் பல வேளைகளில் இப்படித்தானே இருக்கிறது? கருவறை முன் கண்ணீர் மல்க நிற்கிறோம். வீடு திரும்பியதும் பாத்திரம் துலக்கும் பெண்மணியைக் கடிந்து பேசுகிறோம். ஓரிடத்தில் இறைவனைக் காண்பது நல்ல தொடக்கம். அவ்விடத்தோடு நின்றுவிட்டால் அது வழிபாடாக நிறைவு பெறாது.

எல்லா மரத்திலும் ஓடுவது அந்த உயிரே. எல்லா நெஞ்சிலும் துடிப்பது அதுவே. கடுஞ்சொல் நாவில் எழும்போதெல்லாம், அன்று பாதியில் நின்ற அந்தக் கோடரியை நினைவில் கொள்வோமாக.