கேட்டல்

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதில் உறவுகளை இழந்த சிறுமியொருத்தி, மறு ஆண்டு ஹட்டன் பக்கமுள்ள எங்கள் பாடசாலைக்கு வந்தாள்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் மேசைக்கடியில் ஒடுங்கிவிடுவாள். மனத்திலுள்ளதைக் கொட்டினால் பாரம் குறையும் என்றெண்ணி, நடந்ததை வகுப்பில் சொல்லச் சொன்னேன். அவள் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் பாடசாலைக்கும் வரவில்லை.

தேடி லயத்துக்குப் போனேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தாய் சொன்னாள்: "மழ பேஞ்சா நானுந்தான் தூங்குறதில்ல சேர்."

காயம் அந்த வீட்டுக்கே உரியது. பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்து எப்படி ஆற்றுவது?

நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி. பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்றே படிகள். இங்கே கேட்டல் என்பது வினவுதலன்று. அவர்கள் சொல்ல வரும்போது செவிகொடுத்தல். நானோ வினவினேன்.

பிறர் துயரத்தை அறியும் உரிமையை இரக்கம் நமக்குத் தந்துவிடுமா? தராது. எப்போது, யாரிடம் சொல்வது என்பது துயருற்றவரின் முடிவு. அதைப் பறிப்பது அன்பாகாது.

தாயையும் மகளையும் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவரிடம் ஒன்றாக அனுப்பினேன். வகுப்பில் அவள் விரும்பிய வாசலோர இருக்கையைக் கொடுத்தேன்.

2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகம் மீண்டும் சரிந்தது. பயந்த பிள்ளைகள் மறுபடி என் முன்னால் இருக்கிறார்கள். இம்முறை நான் எதையும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.