2016-க்கு என்ன படம் வரைவது?

கும்மிடிப்பூண்டி பக்கம் வயசானவங்க யாரிடமாவது, கல்யாணம் எந்த வருஷம் ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள். எண் வராது. 'பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கு மறு வருஷம்' என்று வரும். ஆதார் எடுக்கிற இடத்தில் இந்தப் பதில் செல்லாது. நம் ஊர்ப் பெரியவர்களில் இத்தனை பேர் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்திருப்பது அதனால்தான்.

பஞ்சாங்கத்தில் 60 பெயர்கள் தயாராக இருக்கின்றன. 1876-இல் வந்த பஞ்சம் அதில் ஒன்றில் ஏறி உட்கார்ந்து 'தாது வருஷப் பஞ்சம்' ஆனது. 1996-லும் ஒரு தாது வந்து போச்சு, யார் கவனித்தார்கள்?

அமெரிக்காவின் சியூ மக்களிடம் பெயர்ப் பட்டியல் இல்லை. ஒரு குளிர்காலத்திலிருந்து அடுத்ததுவரை ஓர் ஆண்டு. அதற்கு ஒரே ஒரு படம். எதை வரைவது என்று பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். லோன் டாக் என்பவரின் கணக்கு 1800-இல் தொடங்கி 1871 வரை போகிறது. முதல் படம் வெறும் 30 கோடுகள்: எதிரிகள் கொன்ற 30 பேர். 1833 நவம்பரில் விண்கற்கள் மழையாய்ப் பொழிந்ததை அநேகமாக எல்லாக் கணக்குகளும் வரைந்திருக்கின்றன. அது சுலபம். எல்லோரும் பார்த்தது ஒரே வானம்.

ஆனால் நம் 2016? நவம்பர் 8 பணமதிப்பிழப்பு, டிசம்பர் 5 ஜெயலலிதா மரணம், டிசம்பர் 12 வர்தா புயல். 35 நாளுக்குள் மூன்று. ஒன்றைத்தான் வரையலாம் என்றால் மற்ற இரண்டையும் யார் விட்டுக்கொடுப்பது?

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அதே வருஷம் பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனது. அவர் வீட்டில் அது 'விரல் போன வருஷம்'. வர்தாவைப் பற்றிக் கேட்டால், 'கட்டுப் பிரிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?' என்று யோசிக்கிறார்.

பொதுவான படம் தனி வலியை அழிக்கிறது என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் ஓர் ஆணி. அதில் அவரவர் கதையை மாட்டிக்கொள்ளலாம். விண்கல் விழுந்த குளிர்காலத்தில் பிறந்தவன் என்று ஒருவன் தன் வயசைச் சொல்லலாம். சிக்கல் வேறு. அந்த ஆணி அடிக்கக் கூடி உட்கார ஒரு கூட்டம் வேண்டும். சிப்காட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அதே ஊரில் ஈழ அகதிகள் முகாம். அங்கே வருஷங்களுக்குப் பெயர் 83, 90, 2009. இவர்களில் யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது? கூப்பிட்டால், விரல் போனவருக்கு அன்றைக்கு ஷிப்ட் இருக்கும்.