கடைசிப் பாரா

கதை எழுதுகிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும். "இந்தக் கருவெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள், ரயிலில் கேட்டிருக்கிறார்கள். ஒரு பல் வைத்தியர், என்னை வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கேட்டார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

கூட்டங்களில் அப்படித் தப்ப முடியாது. உத்வேகம், தரிசனம் என்று ஏதாவது சொல்லி வைப்பேன். கேட்டவர்கள் திருப்தியோடு போவார்கள். வீடு திரும்பும் வழியில் எனக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். என் கதைகளில் பாதிக்கு மேல் எங்கிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியாதா? அவை அடுத்த வீட்டிலிருந்து வந்தவை.

இது பழைய வழக்கந்தான். இணைந்திருந்த கிரௌஞ்சப் பறவைகளில் ஆணை வேடன் அடித்து வீழ்த்தினான், பெட்டை அலறிற்று, அதைக் கேட்ட வால்மீகியின் சோகம் சுலோகமாயிற்று என்று சொல்லுகிறோம். நமக்கு ராமாயணம் கிடைத்தது. அந்தப் பெட்டைப் பறவை அன்றிரவு எங்கே போய்த் தங்கிற்று என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

செகாவ் 1892-இல் ஒரு கதை வெளியிட்டார். ஒரு டாக்டரின் மனைவி, அவளுக்கு ஓர் ஓவியன்மீது மோகம். அவருடைய சிநேகிதரான ஓவியர் லெவிடான் அதில் தம்மையே கண்டு கொதித்துப்போனார். தம் கதாநாயகிக்கு வயது 20. தன்னைப் பற்றி எழுதியதாகச் சொல்லும் அம்மாளுக்கோ 42 என்று செகாவ் ஒரு கடிதத்தில் சமாதானம் சொன்னார். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லுகிற சமாதானம் அது. நண்பர்கள் இருவரும் மறுபடி பேசிக்கொள்ள 1895 ஆயிற்று.

பெரியவர்களைப் பற்றிச் சொன்ன கையோடு என்னைப் பற்றிச் சொல்லுவது அழகல்ல. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தேன். பின்கட்டில் ஒரு விதவை அம்மாள். ஒரே பிள்ளை, பதினேழு வயதில் கோபித்துக்கொண்டு போனவன். நான் குடிபோனபோது அவன் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ராத்திரி தான் சாப்பிடும் முன் அவனுக்கென்று ஒரு கிண்ணத்தில் சோறு எடுத்து மூடி வைப்பாள். தெருவில் நடமாட்டம் அடங்கிய பிறகு அதில் தண்ணீர் ஊற்றுவாள். இனி இன்றைக்கு வரமாட்டான் என்று அர்த்தம். காலையில் அந்தப் பழையதை அவளே சாப்பிடுவாள். என் அறைக்கும் அவளுடைய அடுக்களைக்கும் நடுவே ஒரே சுவர். தண்ணீர் விழும் சத்தம் தினமும் எனக்குக் கேட்கும். உத்வேகம் என்று ஒன்று உண்டானால், எனக்கு அது அந்தச் சத்தந்தான்.

இரண்டே இரவில் கதையை எழுதி முடித்தேன். ஆனால், வெறுமனே காத்திருப்பது ஒரு முடிவாகுமா? பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் பிள்ளை இறந்துபோனதாக ஒரு கடிதம் வரவழைத்தேன். கடைசிப் பாராவில் கண் கலங்கிவிட்டது என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முன்கட்டுப் பெண் அதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். அன்றிரவு அம்மாள் என் வாசற்படியில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். ஊர் வேறு, பெயர் வேறு, வயது வேறு என்று செகாவின் சமாதானங்களெல்லாம் தயாராக இருந்தன.

"தம்பி, கதையிலே பம்பாய் ஆஸ்பத்திரின்னு வருதாமே. உனக்கு ஏதாச்சும் சேதி வந்துச்சா?"

"ஐயோ, இல்லீங்க பெரியம்மா. அது கதை."

"கதைன்னா?"

"பொய்."

அதே வாரம் ஒரு கூட்டத்தில், நடந்ததைக் காட்டிலும் கதைதான் பெரிய உண்மை என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். அவள் அதோடு விடவில்லை, கையை நீட்டினாள். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அப்பால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை எடுத்து எழுதியது குற்றம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. பிறர் துக்கத்தைத் தொடவே கூடாது என்றால் இலக்கியமே இல்லை. ஆனால் அவளிடமிருந்து எடுத்ததையெல்லாம் பத்திரமாகத்தான் எழுதியிருந்தேன். பம்பாய்ச் சாவு ஒன்றுதான் என்னுடைய சொந்தச் சரக்கு. அதைத்தான் சிருஷ்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக அவள் தாங்கிய காத்திருப்பை என்னால் ஆறு பக்கம் தாங்க முடியவில்லை. அதனால் பிள்ளையைக் கொன்றேன்.

1872 ஜனவரியில், டால்ஸ்டாயின் பண்ணைக்கு அருகே யாசென்கி ரயில் நிலையத்தில் அன்னா என்ற பெண் வண்டியின் முன் விழுந்து இறந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரரை நம்பி வாழ்ந்தவள். அவர் வேறொருத்தியை மணக்கப் போகிறார் என்று தெரிந்து மனம் உடைந்தவள். டால்ஸ்டாய் போய் அந்த உடலைப் பார்த்தார். அடுத்த ஆண்டு 'அன்னா கரீனினா'வைத் தொடங்கினார். அதை முடிக்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு சாவு. உயிரோடு இருந்த ஒருத்தி அங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்று பொறுமையாகப் பின்னோக்கி நடந்தார். எனக்குக் கிடைத்ததோ உயிரோடிருக்கும் ஒருத்தி. நான் சாவைத் தேடி ஓடினேன்.

கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியபோது அந்தக் கடைசிப் பாராவை அடித்துவிட்டேன். முதுகெலும்பையே எடுத்துவிட்டாய் என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார், இருக்கலாம். இப்போது கதை, அவள் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவதோடு நின்றுவிடுகிறது. பிள்ளை என்ன ஆனான் என்று வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள். நான் அந்த வீட்டைக் காலி செய்கிற வரையில் அவன் வரவில்லை.